எட்டாவது பதிவுக்கு இடம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், மாதக் கடைசியில் வங்கி, காப்பீட்டுச் சேவைகள் தள்ளாடுவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பின்னணியில் ஓடும் மெயின்ஃபிரேம் என்ற பழைய பெருங்கணினிகளே காரணம், அவற்றை அகற்றினால்தான் விடிவு என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்தக் கணினிகளோடு 31 ஆண்டுகள் வாழ்ந்தவள் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. கடிதம் நீண்டுவிட்டது, வெட்டாமல் வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற மெயின்ஃபிரேம் வரிசையை அறிவித்தது 1964 ஏப்ரலில். அந்த மரபு அறுபடாமல் தொடர்கிறது, பழைய நிரல்கள் புதிய இயந்திரத்திலும் ஓடுகின்றன. அதற்காக இன்றைய இயந்திரத்துக்கும் 60 வயது என்று சொல்லிவிட முடியுமா? தண்டவாளம் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது என்பதால், அதன்மேல் ஓடும் மின்சார ரயிலையும் பழசு என்று சொல்வோமா?

தாமதம் என்ற புகார் பொய் இல்லை. நானே இரவு இரவாக அதோடு போராடியிருக்கிறேன். ஆனால் என் கண்ணெதிரே வந்த தாமதங்களில் பெரும்பாலானவற்றுக்கு இயந்திரத்தின் வயது காரணமாக இருந்ததில்லை. கோப்பை எப்படி அடுக்கி வைத்தார்கள், அதிலிருந்து ஒரு முறைக்கு எவ்வளவு எடுத்தார்கள் என்ற இரண்டிலும்தான் சிக்கல் இருந்தது.

என் அப்பா தஞ்சை மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். உறுப்பினர் கணக்குகளைத் தெருவாரியாகப் பேரேட்டில் எழுதுவார். புதுப் பேரேடு போடும்போது ஒவ்வொரு தெருவின் கடைசியிலும் நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டுவிடுவார். அவருக்கு முன்பு இருந்தவர் அப்படி விடவில்லை. அதனால் பழைய பேரேட்டில் பாதிப் பக்கங்களின் அடியில் "தொடர்ச்சி பக்கம் 318 காண்க" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். ஒரு தெருவின் கணக்கைக் கூட்ட வேண்டுமென்றால் பேரேட்டை முன்னும் பின்னுமாகப் புரட்ட வேண்டும். இன்னொரு பழக்கமும் அப்பாவுக்கு உண்டு. எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சிறிய பெயர்ப்பட்டியல் ஏட்டை, வேலை நேரம் முழுவதும் மேசைமேலேயே வைத்திருப்பார். ஒவ்வொரு முறையும் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்த ஆள் வந்ததும் மறுபடி திறந்து எடுப்பவரை என்ன சொல்வோம்? இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

மெயின்ஃபிரேமில் பெருங்கோப்புகளை வைக்கும் முறைக்கு விசாம் என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் வந்தது. அதில் பதிவுகள் சிறு பெட்டிகளில் அடைக்கப்படும். அந்தப் பெட்டிக்குக் கண்ட்ரோல் இண்டர்வல் என்று பெயர். நாங்கள் சிஐ என்போம். 4,096 பைட் கொண்ட பெட்டி மிகவும் வழக்கமானது. இப்படிப் பல பெட்டிகள் சேர்ந்த அறைக்குக் கண்ட்ரோல் ஏரியா, சுருக்கமாக சிஏ. 3390 என்ற வட்டில் ஒரு தடத்தில், அதாவது ஒரு வளையத்தில், 12 பெட்டிகள். ஒன்றன்மேல் ஒன்றான 15 தடங்கள் ஒரு சிலிண்டர். ஒரு சிலிண்டரே ஓர் அறை என்பதால், ஓர் அறையில் 180 பெட்டிகள். எந்தப் பதிவு எந்தப் பெட்டியில் என்று சொல்லும் இண்டெக்ஸ் தனியாக இருக்கும். கோப்பு பெரிதானால் இண்டெக்ஸுக்கே இண்டெக்ஸ் வேண்டியிருக்கும். மூன்று அடுக்குகள் என்பது சாதாரணம்.

வட்டிலிருந்து வந்த பெட்டி நினைவகத்தில் வந்து இறங்கும் இடம்தான் பஃபர். நிரலர் எதுவும் சொல்லாவிட்டால் விசாம் கொடுப்பது தரவுக்கு இரண்டு பஃபர், இண்டெக்ஸுக்கு ஒன்று. அந்த இரண்டிலும் ஒன்று, பெட்டி நிறைந்து இரண்டாக உடையும்போது பயன்பட ஒதுக்கப்பட்டுவிடும். நினைவகம் தங்க விலை விற்ற காலத்தில் வைத்த அளவு அது. சென்னை ஐஐடியில் 1973இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 மாதிரிக்கு உச்சபட்ச நினைவகமே 2 மெகாபைட்தான். அந்தக் காலத்துக்கு அது நியாயம். அந்த இரண்டும் ஒன்றும் இன்றுவரை எத்தனையோ வேலைகளில் கேட்பாரின்றிக் கிடக்கின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

1998இல் இரண்டாயிரமாம் ஆண்டுப் பிரச்சினைக்கான வேலையில் அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டேன். சென்னையிலிருந்து ஆறு பேர் போயிருந்தோம். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்திருந்த இடங்களை எல்லாம் நான்கு இலக்கமாக்க வேண்டும். பாலிசி மூலக்கோப்பில் 40 லட்சம் பதிவுகள். ஒவ்வொன்றும் 500 பைட். ஒரு பதிவில் ஆறு தேதிகள். தேதிக்கு இரண்டு பைட் வீதம் 12 பைட் கூடி, பதிவு 512 பைட் ஆனது. நிரல்கள் சோதனையில் தேறின. ஒரு சனிக்கிழமை இரவு புதிய கோப்புக்கு மாறினோம்.

திங்கட்கிழமை இரவுப் பணியிலேயே வினை வந்தது. கிளைகளிலிருந்து வந்த 3 லட்சம் பிரிமியத் தொகைகளை மூலக்கோப்பில் ஏற்றும் வேலை, வழக்கமாக அதிகாலை 2 மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடியும். 6 மணிக்கு முகவர்களுக்கான திரைகள் திறக்க வேண்டும். அன்று 6:10 வரை ஓடியது. நாடு முழுவதும் முகவர்கள் வெற்றுத் திரையின் முன் பத்து நிமிடத்துக்குமேல் காத்திருந்தார்கள். காலைக் கூட்டத்தில், மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் திருத்திய நிரல் மந்தமாக ஓடுகிறது என்று முடிவு கட்டப்பட்டது. எங்கள் குழுத் தலைவர் தலை குனிந்து நின்றதை நான் மறக்கவில்லை. அறையில் இருந்த ஒரே பெண் நான். நிரலைப் பார்க்கும் முன் ஒரு நாள் அவகாசம் கொடுங்கள், கோப்பைப் பார்க்கிறேன் என்றேன்.

கோப்பின் நிலையைக் காட்ட லிஸ்ட்கேட் என்ற கட்டளை இருக்கிறது. அதை அச்செடுத்து, பழைய வேலையின் ஜேசிஎல் வரிகளையும் (எந்த நிரலை, எந்தக் கோப்போடு, எப்படி ஓட்டுவது என்று கணினிக்குச் சொல்பவை) புதியதன் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமர்ந்தேன். பழைய வரியில் ஏஎம்பி என்று தொடங்கும் சிறு குறிப்பு ஒன்று இருந்தது. இண்டெக்ஸுக்கு 20 பஃபர் கொடு என்பது அதன் பொருள். புதியதில் அது இல்லை. சோதனைக்காக யாரோ எழுதிய ஜேசிஎல் அப்படியே அன்றாட உண்மை வேலைக்குப் போய்விட்டது.

கணக்கு இதுதான். தொகைகள் கிளையிலிருந்து வந்த வரிசையில் வருகின்றன, பாலிசி எண் வரிசையில் அல்ல. ஒவ்வொரு தொகைக்கும் இண்டெக்ஸின் மூன்று அடுக்குகளையும் இறங்கி, பிறகு பெட்டியை எடுக்க வேண்டும். இண்டெக்ஸுக்கு ஒரே ஒரு பஃபர் என்றால், முதல் அடுக்கு வந்த இடத்தில் இரண்டாவது ஏறும், அதன்மேல் மூன்றாவது ஏறும். அடுத்த தொகைக்கு மறுபடி முதல் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டும். பெயர்ப்பட்டியல் ஏட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மீண்டும் எடுப்பது இதுவே. இண்டெக்ஸ் படிப்பு மூன்று, பெட்டி ஒன்று, திருத்தி எழுதுவது ஒன்று, ஆக ஐந்து. 3 லட்சம் தொகைக்கு 15 லட்சம் முறை வட்டுக்குப் போய் வர வேண்டும். முறைக்கு 10 மில்லி வினாடி என்று வைத்தால் 15,000 வினாடி, அதாவது 4 மணி 10 நிமிடம். மேல் அடுக்குகள் பஃபரிலேயே தங்கியிருந்தால் ஐந்து மூன்றாகக் குறையும். 9,000 வினாடி, இரண்டரை மணி நேரம். தாளில் கூட்டிப் பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 2 மணியோடு நான்கே பத்தைச் சேர்த்தால் ஆறு பத்து. நிமிடம் பிசகவில்லை.

10 மில்லி வினாடி என்ன பெரிய நேரம் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த 3390 வட்டு நிமிடத்துக்கு 4,200 முறை சுழலும். வட்டைப் படிக்கும் தலை சரியான தடத்துக்குப் போன பிறகும், வேண்டிய இடம் சுற்றி வந்து சேரச் சராசரியாக 7 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். வினாடிக்கு 10 கோடி கட்டளை முடிக்கும் செயலி, ஒரே ஒரு படிப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தில் 10 லட்சம் கட்டளையை முடித்திருக்கும். நிரலில் எந்த வரியைச் செதுக்கினாலும் இதற்கு ஈடாகாது.

விட்டுப்போன குறிப்பைச் சேர்த்தோம். அதோடு, தொகைகளைப் பாலிசி எண்படி முதலில் வரிசைப்படுத்திக்கொண்டு உள்ளே விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒரே பெட்டிக்கு உரியவை அடுத்தடுத்து வருவதால், ஏற்கெனவே கையில் இருக்கும் பெட்டிக்காக மறுபடி போக வேண்டியதில்லை. வரிசைப்படுத்தும் வேலைக்குச் சில நிமிடங்கள் ஆனது. அடுத்த இரவு ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

ஆனால் என்னை உண்மையில் தூங்கவிடாமல் செய்தது லிஸ்ட்கேட்டில் இருந்த வேறொன்று. கோப்பு, எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. பதிவு 500இலிருந்து 512 ஆனால் இரண்டரை சதவீதம் கூட வேண்டும். கூடியிருந்ததோ 14 சதவீதம். 4,096 பைட் பெட்டியில், ஒரே நீளமுள்ள பதிவுகளாக இருந்தால், விசாம் தன் குறிப்புகளுக்காக 10 பைட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 4,086. பழைய பதிவு எட்டு வைத்தால் 4,000, தாராளமாக அடங்கும். புதிய பதிவு எட்டு என்றால் 4,096. பத்தே பத்து பைட் போதவில்லை. எட்டாவது பதிவு வெளியே நின்றுவிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் ஏழு பதிவுகள், அதற்குப் பின் கிட்டத்தட்ட 500 பைட் வெற்றிடம். 5,00,000 பெட்டிகளில் இருந்த கோப்பு 5,71,429 பெட்டிகளுக்குப் பரவிவிட்டது. கோப்பு முழுவதையும் படிக்கும் ஒவ்வொரு வேலையும், ஆண்டு முழுவதும், இந்த 71,429 பெட்டிகளைக் காரணமில்லாமல் சுமக்க வேண்டும்.

பதிவின் வரையறையைக் கீழ்வரை படித்தேன். கடைசியில் நான்கு பைட் வெற்று நிரப்பி இருந்தது, என்றோ பயன்படும் என்று யாரோ ஒதுக்கியது. அதில் இரண்டை வெட்டினால் பதிவு 510. எட்டு பதிவுகளுக்கு 4,080. அடங்கிவிடும். எப்படியும் எல்லா நிரல்களையும் மறுபடி கம்பைல் செய்துகொண்டிருந்த, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்த காலம் அது, அதனால் ஒப்புக்கொண்டார்கள். கோப்பு பழைய அளவுக்குத் திரும்பியது. என் பணிவாழ்வில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது அந்த இரண்டு பைட்தான்.

இனி, துண்டாதல். புதிய கோப்பை உருவாக்கியவர்கள் காலி இடம் எவ்வளவு என்று குறிப்பிடவில்லை. குறிப்பிடாவிட்டால் பூஜ்யம். அப்பாவின் முன்னவர் செய்ததேதான். பாலிசி எண்ணின் முதல் இலக்கங்கள் கிளைக் குறியீடு. புதிய பாலிசிகள் கோப்பின் கடைசியில் போய்ச் சேராமல் ஒவ்வொரு கிளையின் வால் பகுதியில் நுழையப் பார்க்கும். பெட்டி நிறைந்திருந்தால் அது இரண்டாக உடைந்து, பாதிப் பதிவுகள் அதே அறையின் காலிப் பெட்டிக்குப் போக வேண்டும். காலிப் பெட்டியே இல்லையென்றால் அறையே உடையும். கோப்பின் கடைசியில் புது அறை எடுத்து, 180 பெட்டிகளில் பாதியை அங்கே பெயர்த்து எழுதி, இண்டெக்ஸைத் திருத்த வேண்டும். எங்கோ ஓர் ஊரில் முகவர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு இவ்வளவும் முடியும்வரை காத்திருப்பார். பிறகு வரிசையாகப் படிக்கும் வேலை வந்தால், பாதி வழியில் கோப்பின் கடைசிக்குத் தாவி, படித்துவிட்டு, மறுபடி நடுவுக்குத் திரும்ப வேண்டும். சிவப்பு மையில் எழுதிய "தொடர்ச்சி காண்க" இப்படித்தான் உருவாகிறது.

இதைச் சரிசெய்கிறோம் என்று பல நிலையங்களில் ஞாயிறுதோறும் கோப்பை முழுக்க இறக்கி மறுபடி ஏற்றுவார்கள். நான் இதை எப்போதும் எதிர்த்திருக்கிறேன். காலி இடம் பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினால், உடைந்து உடைந்து கோப்பு தனக்குத் தானே உண்டாக்கிக்கொண்ட இடைவெளிகளையும் நிரப்பிவிடுகிறோம். திங்கள் காலையில் முதல் புதிய பதிவே ஓர் அறையை உடைக்கும். எந்தப் பகுதியில் பதிவுகள் கூடுகின்றன என்று பார்த்து இடம் விட்டு ஏற்றினால், பல மாதங்கள் அந்தக் கோப்பைத் தொடாமல் இருக்கலாம்.

வரிசையாகப் படிக்கும் வேலைகளுக்கு இண்டெக்ஸ் பஃபர் பெரிதாக உதவாது; அங்கே தரவு பஃபர்தான் வேண்டும். 25 கொடுத்தால், ஒன்று ஒதுக்கு போக 24. பாதிப் பாதியாக, ஒரு முறைக்கு ஒரு தடம், 12 பெட்டிகள் வந்து இறங்கும். 5 லட்சம் பயணம் சுமார் 42,000 ஆகிவிடும். சாதாரண வரிசைக் கோப்புகளிலும் இதே கதைதான். 80 பைட் பதிவுகள் 10 லட்சத்தைத் தனித்தனித் தொகுதியாக எழுதினால் 10 லட்சம் தொகுதிகள். அரைத் தடத்துக்கு ஒரு தொகுதி என்று 349 பதிவுகளைச் சேர்த்துக் கட்டினால் 2,866. தொகுதி அளவைக் கணினியையே தீர்மானிக்கச் சொல்ல ஒரு பூஜ்யம் எழுதினால் போதும்.

இவையெல்லாம் அந்தக் கால வட்டுகளின் கதை என்று கட்டுரையாளர் மறுக்கலாம். பாதி சரி. இன்று 3390 என்று கணினி நினைத்துக்கொள்வது, உள்ளே பல வட்டுகளிலோ ஃபிளாஷ் நினைவகத்திலோ பிரித்து வைக்கப்பட்ட தரவு. தலை நகர்வதும் வட்டு சுழல்வதும் முன்போல் காலத்தை விழுங்குவதில்லை. கோப்பு வட்டில் எத்தனை துண்டுகளாகக் கிடக்கிறது என்பதற்காக நான் இப்போது கவலைப்பட மாட்டேன். மெயின்ஃபிரேமின் இயக்க மென்பொருளான இசட்/ஓஎஸ்ஸின் 2010இல் வந்த 1.12 பதிப்பு முதல், காலியாகிப்போன அறைகளை மறுபடி பயன்படுத்தும் வசதியும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் செயலியின் நேரம் செலவாவது நிற்கவில்லை. இந்தக் கணினிகளில் பல மென்பொருள்களின் மாதக் கட்டணத்தை, தொடர்ந்து நகரும் நான்கு மணி நேரச் சராசரிப் பயன்பாட்டின் உச்சத்தைப் பார்த்துப் போடுகிறார்கள். தேவையற்ற 6 லட்சம் படிப்பு அந்த உச்ச நேரத்தில் ஓடினால் பணமாகவே கரையும். பஃபரைத் தானே கணக்கிட்டுக் கொடுக்கும் வசதியும் வந்துவிட்டது, ஆனால் கோப்பு அதற்கேற்ற வகையில் உருவாக்கப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். நான் தூக்கி வளர்த்த குழந்தை. இப்போது பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் வெளிநாட்டு வங்கியின் மெயின்ஃபிரேமைப் பராமரிக்கிறாள். போன மாதம் இரவு பத்து மணிக்கு வந்து, "அத்தை, ஒரு வேலை மூன்று மணி நேரம் ஓடுகிறது. இயந்திரம் போதாது என்று மேலே எழுதச் சொல்கிறார்கள்" என்றாள். இண்டெக்ஸுக்கு எத்தனை பஃபர் என்று கேட்டேன். விழித்தாள். பயிற்சியில் கோபோல் (COBOL) என்ற நிரல் மொழியும் ஜேசிஎல்லும் ஆறு வாரம் கற்றுக்கொடுத்தார்களாம். பஃபரைப் பற்றி ஒரு வகுப்புகூட இல்லையாம். மறுநாள் தொலைபேசியில், "அப்படி ஒரு வரியே இல்லை அத்தை, அவர்கள் எழுதின நாளிலிருந்தே இல்லை" என்றாள். லிஸ்ட்கேட்டில் எந்தெந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி எழுத வைத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தாள். வட்டுக்குப் போய் வரும் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது.

அந்தக் கட்டுரையாளரிடம் எனக்குக் கோபம் இல்லை. சேவை நின்றபோது மக்கள் பட்ட அவதியை அவர் நேர்மையாக எழுதியிருக்கிறார். தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், எந்த வங்கியின் இரவு வேலை எத்தனை முறை வட்டுக்குப் போய் வருகிறது, கடைசியாக அந்தக் கோப்புக்கு இடம் வகுத்தது யார், எந்த ஆண்டு என்று கேட்டுவிட்டு எழுதும்படி அவரிடம் தெரிவியுங்கள். 1998இல் நான் போட்ட கணக்குகள் உள்ள நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் வந்தால் மேசைமேல் எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெயின்ஃபிரேம் நிரலர்,
மடிப்பாக்கம், சென்னை.